ஏழுமலை ஓட்டிய வண்டி

பணப் பைய மடியிலயே வெச்சுக்கங்க தம்பி. டீப்பாய் மேல வேண்டாம். காப்பி சிந்துனாலும் சிந்தும், அதுவுமில்லாம அவ்வளவு பணத்தக் கண்ணு முன்னால வெச்சுக்கிட்டு எனக்கு நெசம் பேச வராது. சக்கரை போதுங்களா? இன்னொரு கரண்டி போடட்டுங்களா? மெட்ராஸ்காரங்க சக்கரை கம்மியாத்தான் குடிப்பீங்க, தெரியும். குடிங்க, ஆறிரும்.

எங்கூட்டுக்காரரு ஆர்.சி. புக்க ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்காரு. கணபதி பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்கோணும், முட்டி வலி வேற. அரை மணி நேரமாச்சும் ஆகும். நான்தான் வேணும்னே அனுப்பிச்சு உட்டேன். உங்ககிட்டத் தனியாப் பேசோணும். அவரு இருந்தாருன்னா என்னைய ஒரு வார்த்தை பேச விடமாட்டாரு. ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாத மனுசன். எனக்கு அவராட்டம் பேச வராதுங்க.

நீங்க போன்ல என்ன சொன்னீங்க? 'ஏழுமலை ஓட்டுன வண்டின்னா நீங்க கேக்கற வெலையக் கண்ண மூடிட்டுக் குடுக்கறேன்'னு சொன்னீங்க. சொன்னபடி எடுத்துக்கிட்டும் வந்துட்டீங்க. அந்த ஏழுமலையப் பத்தித்தான் சொல்லோணும். கேட்டுட்டு அப்பறம் பையத் தொறக்கறதா மூடறதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

அதா, அந்தச் சுங்குடிச் சேலைக்கடியில நிக்குதே, அதுதான் வண்டி. இருங்க, இருங்க, சேலைய அப்பறம் எடுக்கலாம். முப்பத்தொம்பது வருசமா சோபா போட வேண்டிய எடத்துல அது நிக்குது. வர்றவங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் சேர் போட்டு மானம் போகுது எனக்கு.

எம்பத்தாறுல எங்களுக்குக் கலியாணம். இவரு ஒரு பம்புசெட்டுப் பட்டறைல லேத்து ஓட்டிட்டு இருந்தாரு. கலியாணமாகி மூணாவது மாசம், ஒருநா வேலைக்குப் போறப்ப, 'அம்மிணி, உன்ற தாலிக்கொடியச் சித்தக் கழட்டித் தாரயா'ன்னாரு. எங்கப்பன் போட்ட கொடிங்க. அஞ்சு பவுனு. அப்பத்தான் சரவணம்பட்டில எடம் வெல மலிவாப் போகுதுன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. சரி, மனுசன் எடம் வாங்கப் போறாரு, பொழைக்கத் தெரிஞ்ச ஆளுதான்னு நெனச்சு, தாலிய மஞ்சக் கயித்துல கோத்துக் கட்டிக்கிட்டுக் கொடியக் கழட்டிக் குடுத்துட்டேன். சாயங்காலம் பாத்தா பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிள் ஒண்ண உருட்டிக்கிட்டு வந்து நிக்கறாரு! சரவணம்பட்டில இன்னிக்கு ஒரு சென்ட் என்ன வெலைன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? தெரியாட்டிப் பரவால்ல, எனக்கும் தெரிய வேண்டாம். கேட்டா நெஞ்சடைக்கும்.

சரி, வண்டி வாங்குனாரே, அதுல ஒருநாளாச்சும் மருதமலைக்குக் கூட்டிட்டுப் போனாரா? ஒரே வாரத்துல லைட்டக் கழட்டிட்டாரு. ஹாரனக் கழட்டிட்டாரு. பின்சீட்ட அறுத்துப் போட்டுட்டாரு. பின்சீட்டுங்க! பொண்டாட்டி உக்கார்ற எடம்! சைலன்சரத் தூக்கித் தொடைக்குப் பக்கத்துல கொண்டுபோய் வெச்சாரு, அவரே லேத்துல செஞ்சதாம், பெருமை வேற. மண்ணப் புடிக்கறதுக்கு முண்டு முண்டா இருக்கற பட்டன் டயரு மாட்டுனாரு. 'இது ரோட்டுல ஓடற வண்டி இல்ல அம்மிணி, மண்ணுல ஓடறது'ன்னாரு. பொட்டக் காட்டுல மேடு கட்டி வெச்சு, அது மேல ஏத்தி, அந்தரத்துல பறந்து, பொத்துன்னு கீழ வந்து விழுகறதுக்குன்னே ஒரு வண்டி. அதுக்கு அஞ்சு பவுனு. சூலூர்ப் பக்கம், பொள்ளாச்சிப் பக்கம்னு எங்கெங்கயோ ரேசுன்னு போவாரு. நான் ஒருநாளும் பாக்கப் போனதில்ல. என்னன்னு கேட்டதுமில்ல. கேட்டா ஊக்கம் குடுத்த மாதிரி ஆயிருமே. மூணு வருசம் ஓட்டுனாரு, அப்பறம் என்னவோ தானாவே நிறுத்திட்டாரு. நான் மட்டும் திட்டறத நிறுத்தல.

போன ஆனி மாசம் என்ற மக சுகந்தி ஓசூர்ல இருந்து வந்திருந்தா. அவதான் போன்ல படம் புடிச்சு ஏதோ பழைய வண்டிக் குரூப்புல போட்டா. 'அம்மா, மண்ணு ரேஸ் ஓட்டுன வண்டிக்கெல்லாம் இப்பச் செம கிராக்கி, வெளிநாட்டு வண்டின்னா கார் வெலைக்குப் போகுது'ன்னா. நான் இவரப் பாத்தேன். இவரு வண்டியப் பாத்தாரு. 'வித்துட்டு உனக்குக் கொடி வாங்கிரலாம் அம்மிணி'ன்னு அவராவே சொன்னாரு. சொல்லிட்டு, தண்ணி வருதான்னு பாக்கறேன்னு வெளிய போயிட்டாரு. அன்னிக்குத் தண்ணி வர்ற நாளே இல்ல.

மொதல்ல வந்தது திருச்சிக்காரரு ஒருத்தரு. நாளைக்கு வர்றேன்னு போன் வந்ததும் இவரப் பாலு வாங்க அனுப்பிச்சுட்டு, நான் வேலையில எறங்கிட்டேன். ஊட்டுக்கு ஆளு பாக்க வர்றாங்கன்னா ஒரு லட்சணமா வைக்க வேண்டாமுங்களா? முப்பது வருசத்து மண்ணு அப்படியே அப்பிக் கெடக்குது. புளியப் போட்டு, சோப்புப் போட்டு, கம்பி நாரெடுத்துத் தேச்சேன் பாருங்க, தோள்பட்டையே போயிருச்சு. பக்கவாட்டுல ஒரு தகரத்துல பதினொண்ணுன்னு கோணல்மாணலா எழுதியிருந்துச்சு. அதையும் தேச்சுப் போக்கிட்டேன். ஏதேதோ ஸ்டிக்கரு ஒட்டியிருந்துச்சு, சுரண்டி எடுத்துட்டேன். கண்ணாடியாட்டம் மின்னுச்சு வண்டி. சந்தனங் குங்குமம் வெச்சு, ஹாண்டில்பார்ல ரெண்டு மொழம் மல்லியும் சுத்தி வெச்சேன்.

திருச்சிக்காரரு பையில இருந்து பூதக் கண்ணாடி எடுத்தாரு. முட்டி போட்டு உக்காந்து பாத்தாரு. 'ஏம்மா, இங்க மண்ணு இருந்துச்சா?' 'இருந்துச்சுங்க, ஒரு பக்கெட்டு மண்ணு எடுத்தேன்'னு நான் பெருமையாச் சொன்னேன். 'நம்பரு?' 'இருந்துச்சுங்க, அது இப்பச் சுத்தமாப் போயிருச்சு.' மனுசன் தலைல கைய வெச்சுக்கிட்டுத் தரைலயே உக்காந்துட்டாரு. 'அந்த மண்ணும் நம்பரும்தாம்மா வெலையே'ன்னாரு. ரேஸ் வண்டின்னா அடிபட்ட அடி அப்படியே இருக்கோணுமாம், ஓட்டுன மண்ணு ஒட்டியிருக்கோணுமாம். மண்ணுக்குத்தான் காசுன்னா மொதல்லயே சொல்றதுதான? 'கறிவேப்பிலைச் செடிக்குத்தான் போட்டிருக்கேன், வாங்க அள்ளித் தாரேன்'னேன்.

அப்பறம் கேட்டாரு, 'ஓட்டுனது யாரு?' இவரு நெஞ்ச நிமித்திக்கிட்டு, 'நாந்தாங்க'ன்னாரு. திருச்சிக்காரரு போன எடுத்து என்னத்தையோ தட்டித் தட்டிப் பாத்தாரு. 'உங்க பேரு எந்த லிஸ்டுலயும் வரலீங்களே. பேரு தெரிஞ்ச ஆளு ஓட்டுன வண்டின்னா ஒரு வெல. சும்மா யாரோ ஓட்டுனதுன்னா எம்பதாயிரம் தரலாம்'னாரு.

சும்மா யாரோ. இவரு மொகம் பொக்குன்னு போயிருச்சு. நான் முப்பத்தொம்பது வருசமா திட்டறேன், ஒருநாளும் அந்த மொகம் அப்படிப் போனதில்ல. எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ கோவம்! 'ஏனுங்க, இது அஞ்சு பவுனு வண்டிங்க. இன்னிக்குப் பவுனு எழுவத்திரெண்டாயிரம். மூணு லட்சத்து அறுவதாயிரத்துக்கு ஒத்த ரூவா கொறைஞ்சாலும் வண்டி நகராது. நீங்க மொதல்ல எந்திரிங்க, நான் கூட்டோணும்'னேன். போயிட்டாரு. அன்னிலிருந்து அதுதான் கணக்கு. காத்தால பேப்பர்ல பவுனு வெலையப் பாப்பேன், அஞ்சால பெருக்குவேன், அன்னிக்கு வண்டி வெல அது. நான் ஏவாரத்துல கறாருங்க. மத்தபடி அந்த வண்டி மேல எனக்கு என்ன ஆசையா இருக்குது?

இவருதான் ரெண்டு நாளு சரியாச் சாப்புடல. 'லிஸ்டுல வரலையாமா அம்மிணி'ன்னு ரெண்டு மூணு தரம் சொன்னாரு.

ஆவணில பெங்களூர்ல இருந்து ஒருத்தரு வந்தாரு. தலைல சின்னதா குடுமி போட்டுக்கிட்டு, கைல நோட்டு. தமிழு பேசுவாரு, ஆனா பாதிக்குப் பாதி. அன்னிக்கு இவரு முட்டி டாக்டருகிட்டப் போயிட்டாரு, நான் மட்டும்தான் இருந்தேன். 'ரைடர் யாரு'ன்னு கேட்டாரு. 'எங்கூட்டுக்காரருதாங்க'ன்னேன். 'பேரு?'ன்னாரு.

பேரக் கேட்டா நான் எப்படிங்க சொல்லுவேன்? கட்டுன புருசன் பேர வாய்விட்டுச் சொல்ற பழக்கம் எனக்கில்ல. என்ற மக சொல்லுவா, அவ புருசனத் தெரு முக்குல இருந்தே பேரச் சொல்லிக் கூவுவா. நம்மளால ஆகாது. ரேசன் கடைலயும் சரி, ஓட்டுப் போடற எடத்துலயும் சரி, பக்கத்துல நிக்கறவங்கதான் எனக்காகச் சொல்லுவாங்க. அன்னிக்குப் பக்கத்துல யாரும் இல்ல. அதனால வெவரமாச் சொன்னேன். 'சாமி பேருங்க. பூண்டில இருந்து மலையேறிப் போய்க் கும்புடுவாங்கல்ல, அந்தச் சாமி'ன்னேன். கோயமுத்தூர்க்காரங்கன்னா கண்ண மூடிட்டுச் சொல்லிருவாங்க, ரெண்டு ஊட்டுக்கு ஒருத்தருக்கு அந்தப் பேரு இருக்கும். அந்தப் பெங்களூர்க்காரருக்குத் தெரியல. 'எந்த மலை?'ன்னாரு. 'ஏழு மலை ஏறோணுங்க, ஏழாவது மலை மேலதான் சாமி'ன்னேன். 'ஓ, ஏழுமலை!'ன்னு எழுதிக்கிட்டாரு. இல்லீங்கன்னு சொல்ல வாயத் தொறந்தேன், அதுக்குள்ள அடுப்புல பாலு பொங்கிருச்சு. ஓடிப்போய் அணைச்சுட்டு வந்து பாத்தா, ஆளு வண்டியப் படம் புடிச்சுட்டுக் கெளம்பிட்டாரு. இதுல என் தப்பு என்னங்க இருக்குது? நான் சரியாத்தான் சொன்னேன். கேக்கறவங்களுக்குக் காது ஒழுங்கா இருக்கோணும்.

அவரு போய்க் குரூப்புல போட்டுட்டாரு, 'கோயமுத்தூர் ஏழுமலை ஓட்டிய மண் ரேஸ் வண்டி'ன்னு. அப்பறம் நடந்த கூத்தச் சொல்றேன் கேளுங்க. சிவகாசில இருந்து ஒருத்தரு, 'ஏழுமலையா! அவரு மாட்டு வண்டிக்கு மேல தாண்டுனத நான் நேர்ல பாத்தேன்'னு எழுதறாரு. ரிட்டையர் ஆன போலீஸ்காரரு ஒருத்தரு, 'ஆறடி ஆளு, சுருட்ட முடி, நல்லா ஞாபகம் இருக்குது'ங்கறாரு. இன்னொருத்தரு 'மலேசியா போயிட்டாரே'ங்கறாரு. அதுக்கும் மேல ஒரு ஆகாவழி, 'அவரு காலமாகி ரெண்டு வருசமாச்சு'ன்னு போட்டுட்டான். நூத்தி நாப்பது பேரு ஆழ்ந்த இரங்கல் போட்டிருக்காங்க தம்பி! சுகந்தி எனக்குப் படிச்சுக் காட்டறா, எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. சிரிக்கறதா அழுவறதா, தாலி கட்டுன மனுசன் இங்க உக்காந்து உப்புமா தின்னுட்டு இருக்காரு.

நீங்களும் அதுல இரங்கல் போட்டீங்களா? சரி, சரி, விடுங்க. நல்ல மனசு.

ஆனா வெல ஏறுச்சு பாருங்க! அதே வண்டி, அதே டயரு, நான் தேச்ச அதே தகரம். ஏழுமலை பேரு ஒட்டுனதும் மூணு லட்சங்கறாங்க, மூணரைங்கறாங்க, நாலுங்கறாங்க.

இவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒரு பகல் பூரா அதையே படிச்சாரு. 'யாரு அம்மிணி இந்த ஏழுமலை? அந்தக் காலத்துல எல்லா ரேசுலயும் நான் இருந்திருக்கேன், எனக்குத் தெரியாம எவன் ஓட்டுனான்?'ன்னு மண்டையப் பிச்சுக்கிட்டாரு. நெசமாவே யோசிச்சாருங்க, பாவம். நான் நடந்ததச் சொன்னேன். கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. அப்பறம், 'அப்ப நான் செத்துட்டனா?'ன்னு கேட்டாரு பாருங்க, ரெண்டு பேரும் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். இந்த ஊட்டுல நாங்க அப்படிச் சேந்து சிரிச்சு எத்தனை வருசமாச்சோ.

சிரிச்சு முடிச்சுட்டு, 'ஓட்டுனது நான்தான்னு சுகந்திய எழுதச் சொல்லிரலாம் அம்மிணி'ன்னாரு. நான்தான் வேண்டாம்னேன். சொல்லிட்டா மறுக்காவும் எம்பதாயிரம்தான? 'நீங்க ஏழுமலைக்கு மெக்கானிக்கா இருந்தேன்னு சொல்லிக்கங்க. வண்டி உங்க பேர்ல இருந்துச்சு, ஓட்டுனது ஏழுமலை. முடிஞ்சுது சோலி'ன்னேன். அவரு திரும்பி வண்டியப் பாத்தாரு. 'மஞ்சக் கயித்தோட முப்பத்தொம்பது வருசம் நின்னிருக்கேன், எனக்காக இது ஒண்ணு பண்ண மாட்டீங்களா?'ன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு, 'சரி அம்மிணி'ன்னாரு.

இப்ப யோசிச்சா அந்தக் கேள்விய நான் கேட்டிருக்கக் கூடாதுங்க.

ஆயுத பூசை முடிஞ்சு கோத்தகிரில இருந்து ரிசார்ட்டுக்காரரு வந்தாரு. பெரிய காரு, தெருவே அடைச்சுப் போச்சு. அன்னிக்குப் பவுனு எம்பத்தேழு, வண்டி நாலு லட்சத்து முப்பத்தஞ்சு. ரிசார்ட்டுல கண்ணாடிக் கூண்டுக்குள்ள வண்டிய நிறுத்தி, ஏழுமலை கதையப் பக்கத்துல எழுதி வைக்கப் போறாராம். 'நீங்கதான் ஏழுமலை சாரோட மெக்கானிக்கா? அவரப் பத்திச் சொல்லுங்க பெரியவரே'ன்னு இவருகிட்டக் கேட்டாரு. நான் உள்ள வெங்காய பஜ்ஜி போட்டுட்டு இருந்தேன். இவரு என்னத்த உளறி வெக்கப் போறாரோன்னு காதக் குடுத்துட்டே நின்னேன்.

இவரு தொண்டையச் செருமிக்கிட்டு ஆரம்பிச்சாரு. 'ஏழுமலை பெரிய ஆளெல்லாம் இல்லீங்க. லேத்துல வேலை பாத்த பையன். மில்லு மொதலாளி ஊட்டுப் பசங்கெல்லாம் வெளிநாட்டு வண்டி வெச்சிருப்பாங்க. இவன்கிட்ட இருந்தது இந்தப் பழைய யெஸ்டி ஒண்ணுதான்'னாரு. அப்பறம் சூலூர் ரேசச் சொன்னாரு. எட்டு ரவுண்டாம். மூணாவது ரவுண்டுல கிளட்ச் கேபிள் அறுந்து போச்சாம். யாரா இருந்தாலும் வண்டிய ஓரங்கட்டியிருப்பாங்களாம். ஏழுமலை நிறுத்தலையாம். கிளட்ச்சே இல்லாம, எஞ்சின் சத்தத்தக் காதுல கேட்டுக் கேட்டே கியர மாத்தி மாத்தி, மிச்சம் அஞ்சு ரவுண்டும் ஓட்டுனானாம். கடைசி மேட்டுல ரெண்டு வெளிநாட்டு வண்டிக்கு மேலாப்புல பறந்து போய் எறங்குனானாம். மொத ஆளு. அதுதான் அவன் ஓட்டுன கடைசி ரேசாம்.

என் ஊட்டுல நடந்த கதைங்க. நான் ரசம் வெச்சுட்டு இருந்த அன்னிக்கு, பத்து மைலு தள்ளி அவரு ஆகாசத்துல இருந்திருக்காரு. எனக்கு ஒண்ணுந் தெரியாது. சட்டையெல்லாம் மண்ணோட வந்தாரு, தொவைக்கறது யாருன்னு கத்துனேன். அது மட்டும்தான் ஞாபகம் இருக்குது.

ரிசார்ட்டுக்காரரு, 'அப்பேர்ப்பட்ட ஆளு அந்த ரேசோட ஏன் விட்டுட்டாரு?'ன்னு கேட்டாரு. அதுக்கு இவரு, 'இந்த வண்டியே ஏழுமலை சம்சாரத்தோட தாலிக்கொடிங்க. எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்காமக் கழட்டிக் குடுத்துச்சு அந்தப் புள்ள. சூலூருக்கு முந்துன ரேசுல ஏழுமலை கீழ விழுந்து கைய ஒடிச்சுக்கிட்டு வந்தான். அந்தப் புள்ள அப்ப மாசமா இருந்துச்சு. அவனக் கண்டமேனிக்குத் திட்டிப்போட்டு, உள்ள போய் அடுப்பாங்கரைச் செவுத்தப் பாத்து நின்னு சத்தமில்லாம அழுதுச்சு. ஏழுமலை அதக் கதவிடுக்குல பாத்துட்டான். ஒரே ஒரு ரேசு, அந்தக் கொடிக்காவ ஜெயிச்சுக் காட்டோணும், அத்தோட விட்டுரோணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டான். ஜெயிச்சான், விட்டுட்டான்'னு சொல்றாரு.

நான் அழுதத இவரு பாத்திருக்காருங்க! முப்பத்தாறு வருசமா எங்கிட்ட மூச்சு விடல. யாரோ ஒரு ரிசார்ட்டுக்காரருகிட்ட, யாரோ ஒருத்தன் சம்சாரம்னு சொல்றாரு. பஜ்ஜி கருகிப் போச்சு. நானும் அழுதுட்டேன். இதுல என்ன மறைக்கறதுக்கு இருக்குது, அழுதேன்.

அதுக்காவ ஏவாரத்துல விட்டுக்குடுப்பனா? மொகத்தக் கழுவிட்டு வெளிய வந்தேன். ரிசார்ட்டுக்காரரு செக்கு புக்க எடுத்துட்டாரு. 'நாலு முப்பத்தஞ்சுங்களே?'ங்கறாரு. 'அது வெறும் தங்கத்தோட வெலைங்க. செய்கூலி சேதாரம் சேக்கலையே'ன்னேன். அவரு முழிக்கறாரு. 'வண்டிக்கு ஏதுங்க சேதாரம்?' 'கொடி என்ன கட்டித் தங்கமாவா இருந்துச்சு? அஞ்சு பவுனுல கொடி வாங்கோணும்னா நூத்துக்குப் பன்னெண்டு செய்கூலி சேதாரம் ஆகுமுங்க. எந்த நகைக் கடைல வேணும்னாலும் கேட்டுட்டு வாங்க'ன்னேன். அவரு கோவிச்சுக்கிட்டுப் போயே போயிட்டாரு, காரத் திருப்பவே அரை மணி நேரமாச்சு. இவரு அன்னிக்கு என்னவோ விசிலடிச்சுக்கிட்டே கேட்டச் சாத்துனாரு. கடைக்குப் போய் எனக்கு அல்வா வாங்கிட்டு வந்தாரு. நாலு லட்சம் கையவிட்டுப் போன அன்னிக்கு எதுக்கு அல்வான்னு எனக்கு இன்னும் வெளங்கல.

இப்ப நீங்க வந்திருக்கீங்க. நான் போன்ல செய்கூலி சேதாரத்தோட சொன்னேன். இன்னிக்குப் பவுனு தொண்ணூத்தஞ்சு, எல்லாஞ் சேத்து அஞ்சு லட்சத்து முப்பத்திரெண்டாயிரம். ஒரு வார்த்தை பேரம் பேசல நீங்க. என்னங்க ஆளு நீங்க? நாலு வார்த்தை பேரம் பேசுனாத்தான எனக்கும் கோவிச்சுக்க ஒரு சாக்கு கெடைக்கும்?

காத்தால இவரு சவரம் பண்ணிக்கிட்டே கண்ணாடியப் பாத்து முணுமுணுன்னு என்னவோ பேசிட்டு இருந்தாரு. என்னன்னு கிட்டப் போய்க் கேட்டேன். 'மெட்ராஸ்காரரு கேட்டாத் தடுமாறக் கூடாதுல்ல அம்மிணி, சொல்லிப் பாக்கறேன்'னாரு. 'ஏழுமலைதாங்க ஓட்டுவாரு, நான் சும்மா பக்கத்துல நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுப்பேன்'. இதத்தான் நாலஞ்சு தரம் சொல்லிப் பாத்திருக்காரு. கிளட்ச் இல்லாம அஞ்சு ரவுண்டு ஓட்டுன மனுசனுங்க. என்ற கழுத்துக்கு ஒரு கொடி வேணும்னு, அவரு ஊட்டுலயே அவர ஸ்பேனர் எடுத்துக் குடுக்க வெச்சுட்டேன் நான். அதனாலதான் நீங்க வர்ற நேரம் பாத்து ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்கன்னு வெரட்டி உட்டேன்.

அதனால கேட்டுக்கங்க தம்பி. ஏழுமலைன்னு ஒருத்தரே இல்ல. சுருட்ட முடியுமில்ல, மலேசியாவுமில்ல. இந்த வண்டிய ஓட்டுனது இப்ப முட்டி வலியோட ஜெராக்ஸ் கடைல நிக்கறாரே, அவருதான். எந்த லிஸ்டுலயும் அவரு பேரு வராது. இப்பச் சொல்லுங்க, என்ன வெல?

யோசிங்க, யோசிங்க. ஒண்ணும் அவசரமில்ல.

ஒரு லட்சமா? ம். திருச்சிக்காரரவிட இருவதாயிரம் சேத்தித்தான் சொல்றீங்க. ஒரு லட்சத்துக்கு ஒரு பவுனு வரும், மெலிசா ஒரு சங்கிலி போடலாம். வேண்டாமுங்க. மஞ்சக் கயிறு எனக்குப் பழகிப் போச்சு, கழுத்துக்கும் ஒண்ணும் உறுத்தல. வண்டி நிக்கட்டும். சோபா வாங்கி மட்டும் என்ன ஆவப் போகுது, உக்கார்றதுக்கு ரெண்டே பேருதான?

எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க. அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கீங்க, சாப்புட்டுட்டுத்தான் போகோணும். அதுக்கு முன்னால எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. கேட்டு சத்தம் கேக்குதுங்களா? அவருதான். உள்ள வந்ததும் அவரு மொகத்தப் பாத்து, 'இந்த வண்டிய ஓட்டுனது யாருங்க'ன்னு கேளுங்க. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே ஏழுமலைன்னுதான் ஆரம்பிப்பாரு. விடாதீங்க. 'உங்க ஊட்டம்மா எல்லாஞ் சொல்லிட்டாங்க, நீங்க உங்க வாயால சொல்லுங்க'ன்னு கேளுங்க. சூலூர் ரேசுல இருந்து கேளுங்க. நானா கேட்டா கூச்சப்பட்டுக்கிட்டுத் தண்ணி வருதான்னு பாக்கப் போயிருவாரு. நான் இப்படி உங்க பக்கத்துலயே உக்காந்துக்கறேன். அந்தக் கதைய இன்னொருக்கா, 'நான்'னு சொல்லிக் கேக்கோணும் எனக்கு.